ஹைபோரிய காமிக்ஸ் உலகை மேசைப் போராக்குவது: மாயத்தை என்ன செய்யலாம்?

கோட்டைவாசல்:

ஹைபோரியா என்ற கற்பனைப் பழங்கால உலகில் திரியும் வாள்வீரன் கோனனை வைத்து மார்வெல் 1970இல் தொடங்கிய காமிக்ஸ், 1974இலிருந்து வந்த கறுப்பு வெள்ளை இதழ் இரண்டையும் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த உலகத்தை 28 மி.மீ. உயர மினியேச்சர் பொம்மைகளை வைத்து மேசைக்குக் கொண்டுவர நினைக்கிறேன். நான்கடிக்கு நான்கடி மேசை, பக்கத்துக்கு முப்பது நாற்பது பொம்மைகள். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் அளவுப் போர்.

படைகளைப் பற்றிக் கவலை இல்லை. மாயம்தான் இடிக்கிறது. கடைகளில் கிடைக்கும் கற்பனை உலக விதிநூல்கள் பெரும்பாலும் சுற்றுக்கு ஒரு மந்திரம் என்றே போகின்றன. தீப்பந்து, மின்னல், காயம் ஆற்றுவது, திரும்பத் திரும்ப. நம் காமிக்ஸில் அப்படி இல்லையே. பக்கம் பக்கமாக வாளும் ரத்தமும்தான். மந்திரவாதி ஒருவன் எங்கோ ஒரு கோபுரத்தில் இருப்பான். அவன் கைவைக்கும் இடம் கதை முழுக்க ஒன்றோ இரண்டோ. ஆனால் அந்த ஒன்றுக்காகத்தான் எல்லோரும் பயந்து சாகிறார்கள்.

மந்திரத்தை மொத்தமாக எடுத்துவிட்டால் வெறும் இடைக்காலப் போராகிவிடுகிறது. வைத்துக்கொண்டால் வேறு ஏதோ ஓர் உலகமாகிவிடுகிறது. யாராவது இதைச் சமாளித்திருக்கிறீர்களா?

பழையபகடை:

நல்ல கேள்வி. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் வழி தெரியும்.

இந்த உலகத்தில் முதலில் போர் விளையாட்டு ஆடியது நாம் இல்லை. காமிக்ஸ் வருவதற்கு முன்பே, இங்கிலாந்தில் டோனி பாத் என்பவர் இதே ஹைபோரியாவை எடுத்துக்கொண்டு பல வருடங்கள் நீண்ட ஒரு தொடர்போரை நடத்தினார். பண்டைய காலப் போர் விளையாட்டுக்காரர்களின் சங்கத்தை 1965இல் தொடங்கியவரும் அவரே. ராஜாக்கள், தளபதிகள், வாரிசுகள், கூட்டணிகள் என்று தேசம் தேசமாக ஆட்டம் விரிந்தது. ஒவ்வொரு பாத்திரத்தின் குணத்தையும் சீட்டுக்கட்டிலிருந்து எடுத்த சீட்டுகளை வைத்துத் தீர்மானித்தார். பேராசைக்காரனா, விசுவாசியா, கோழையா என்பது சீட்டில் வரும். அந்த அனுபவத்தை 1973இல் புத்தகமாகவும் போட்டார். படைகள் எல்லாம் பண்டைய, இடைக்கால வரலாற்றுப் படைகளின் சாயலில்தான்.

அந்த ஆட்டம் ஏன் இத்தனை வருடம் நிலைத்தது என்றால், அந்த உலகத்துக்கு அடியில் வரலாறு இருக்கிறது. கோனனைப் படைத்த எழுத்தாளர் ராபர்ட் இ. ஹோவர்ட் தன் வரைபடத்தை ஐரோப்பாவின் வெளிக்கோட்டின் மேல்தான் வரைந்தார். எந்தத் தேசத்தை எடுத்தாலும் அதற்குப் பின்னால் நமக்குத் தெரிந்த ஒரு படை நிற்கும்.

இப்போது மறுபக்கம். 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் இடைக்காலப் போருக்கான விதிநூல் ஒன்றை வெளியிட்டார்கள். அதன் கடைசியில் கற்பனை உலகத்துக்கு ஒரு பின்னிணைப்பு. அதில் மந்திரவாதியின் தீப்பந்து பெரிய கவண்பொறி அடிக்கும் பரப்பை அடிக்கும், மின்னல் கனரகப் பீரங்கியின் பரப்பை அடிக்கும் என்று எழுதினார்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே கவணுக்கும் பீரங்கிக்கும் விதி இருந்தது. அதையே மந்திரவாதிக்கு மாட்டிவிட்டார்கள். ஐம்பது வருடங்கள் கழித்தும் பெரும்பாலான மேசைகளில் மந்திரவாதி தாடி வைத்த பீரங்கியாகத்தான் நிற்கிறான்.

கோட்டைவாசல், உங்களை இடிப்பது அதுதான். நீங்கள் படித்த காமிக்ஸில் அவன் பீரங்கி வேலை செய்வதில்லை. அந்த வேலையை அவனிடமிருந்து பிடுங்கிவிட்டு, வேறு என்ன வேலை கொடுப்பது என்று யோசியுங்கள்.

மழைக்காடு:

ஒரு மறுப்பு. ஹோவர்டின் கதையில் வரும் வால்கியா போரில் மந்திரவாதி ஸால்டோட்டுன் மலைமுகட்டையே உடைத்து, கோனன் அரசனாக இருக்கும் அக்விலோனியாவின் குதிரைப்படையின் மேல் விழவைக்கிறானே? காமிக்ஸாகவும் வந்த கதை அது. அதைவிடப் பெரிய பீரங்கி எது?

பழையபகடை:

சரியான உதாரணம் எடுத்தீர்கள், நன்றி. ஆனால் அப்புறம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அந்த வேலையில் சக்தி எல்லாம் போய், கருந்தாமரையின் மயக்கத்தில் கிடந்துதான் மீள வேண்டியிருக்கிறது. கடைசிப் போரில் மறுபடி பெரிதாக ஒன்று செய்ய நினைக்கும்போது, படையை விட்டு விலகி மலைமேல் ஏறிப் பலிபீடத்தின் முன் சடங்கு தொடங்குகிறான். முடிக்கவிடாமல் தடுத்துவிடுகிறார்கள். சுற்றுக்கு ஒருமுறை சுடும் பீரங்கி இப்படியா இருக்கும்? அவனுக்கு நேரம் வேண்டும், இடம் வேண்டும், யாரும் தொந்தரவு செய்யக்கூடாது. நடந்தால் போரின் முடிவே மாறும். விதி எழுத இந்தக் கதையே போதும்.

கோட்டைவாசல்:

இதைப் படித்ததும் உட்கார்ந்து ஒரு வரைவு போட்டுவிட்டேன். பிரித்து மேயுங்கள்.

மந்திரவாதி சடங்கைத் தொடங்கியபின் நகரக்கூடாது, சண்டை போடக்கூடாது. யாரும் அவனைத் தொடாமல் ஒரு சுற்று கழிந்தால், எண்ணிக்கைக்காக அவன் பக்கத்தில் ஒரு வில்லை, அதாவது சின்ன வட்டத் தட்டு, வைக்க வேண்டும். ஆட்டக்காரர் விரும்பும் சுற்றில் சடங்கை முடிக்கலாம். இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, 12இலிருந்து வில்லைகளின் எண்ணிக்கையைக் கழித்து வரும் எண்ணையோ அதற்கு மேலோ எடுக்க வேண்டும். மூன்று வில்லை இருந்தால் 9, அதாவது நூற்றுக்கு 28 வாய்ப்பு. ஐந்து இருந்தால் 7, நூற்றுக்கு 58. ஆறு இருந்தால் 6, நூற்றுக்கு 72. தவறினால் வில்லைகள் எல்லாம் போய்விடும். இரண்டு ஒன்று விழுந்தால் அழைத்தது அவனையே தின்றுவிடும்.

பலித்தால் என்ன நடக்கும் என்பது போருக்குப் போர் மாறும். ஆட்டத்துக்கு முன்பே இருவரும் பேசி எழுதிக்கொள்வது. பாலம் இடியும், மூடுபனி இறங்கும், குழியிலிருந்து ஒன்று எழுந்து வரும், இப்படி.

கொம்புவில்:

எண்கள் நன்றாக இருக்கின்றன. இரண்டு பகடைக் கூட்டில் 7ஐத் தாண்டும் இடம்தான் ஆட்டக்காரரை உறுத்தும். 'இன்னும் ஒரு சுற்று பொறுத்தால்' என்று தோன்றிக்கொண்டே இருக்கும், எதிரியோ படியேறிக்கொண்டிருப்பான்.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. ஐந்து சுற்றுக்கு அந்தப் பொம்மை சும்மா நிற்கும். ஆட்டம் மொத்தமே ஏழெட்டுச் சுற்று. மந்திரவாதியை எடுத்தவர் பாதி ஆட்டம் வில்லை எண்ணிக்கொண்டிருந்தால் அலுத்துவிடும்.

ஏழாம்சுற்று:

நிற்கும்போதே அவன் வேலை செய்யட்டும். காமிக்ஸில் மந்திரம் பலிக்கும் கட்டத்தைவிட அதற்கு முந்தைய இரண்டு பக்கங்கள்தான் பயங்கரம். புகை எழும், குதிரை மிரளும், கூலிப்படைக்காரன் ஒருவன் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பான்.

அதை விதியாக்கலாம். ஒவ்வொரு வில்லைக்கும் மூன்று அங்குலம் என்று மந்திரவாதியைச் சுற்றி ஓர் அச்ச வட்டம். ஐந்து வில்லை என்றால் பதினைந்து அங்குலம். அந்த வட்டத்துக்குள் இருக்கும் எந்தக் குழுவும் மன உறுதிச் சோதனை, அதாவது ஓடாமல் நிற்குமா என்று பார்க்கும் பகடை, உருட்டும்போது ஒன்று குறைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வில்லைக்கு மேல் போனால், வட்டத்துக்குள் நுழையும் குழு நுழையும்போதே ஒருமுறை உருட்ட வேண்டும்.

இப்போது அவன் கையை அசைக்காமலே மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். சடங்கு பலிக்காமல் போனாலும் அந்த ஐந்து சுற்றும் வீணாகவில்லை.

மழைக்காடு:

இது பிடித்திருக்கிறது. ஒரே கேள்வி: அவனுடைய சொந்தப் படைக்கும் அந்தக் கழித்தல் உண்டா?

ஏழாம்சுற்று:

கட்டாயம் உண்டு. தன் எஜமானைப் பார்த்து நடுங்காத காவலாளியை அந்தக் கதைகளில் எங்கே பார்த்தோம்?

பழையபகடை:

இந்த ஒரு வரி முழு ஆட்டத்தையும் மாற்றும், கவனியுங்கள். சொந்தப் படையும் அச்சப்படும் என்றால் காவலர்களை அவன் பக்கத்திலேயே நிறுத்த முடியாது. ஒரு சின்ன அடி விழுந்தாலே ஓடிவிடுவார்கள். தள்ளி நிறுத்தினால் இடையில் சந்து கிடைக்கும். கோனன் மாதிரி ஒருவன் அந்தச் சந்தில்தான் நுழைவான். மந்திரவாதி எப்போதும் கோபுரத்தில் தனியாக இருப்பதற்கு விதியே காரணம் சொல்லிவிடுகிறது. யாரும் அதைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

கொம்புவில்:

அடிப்படை விதி எது என்று யாரும் பேசவில்லையே? நான் டான் மெர்சியின் 2014 இடைக்கால விதிநூலைப் பரிந்துரைக்கிறேன், 'லயன் ராம்பன்ட்'. படை சேர்க்கப் பக்கத்துக்கு 24 புள்ளி, குழுவுக்கு ஆறு அல்லது பன்னிரண்டு பேர். கோட்டைவாசலின் முப்பது நாற்பது பொம்மைக் கணக்குக்குச் சரியாக வரும். மன உறுதிக்கும் அதே இரண்டு பகடைக் கூட்டுதான், அதனால் 'ஒன்று குறை' என்பது இடறாமல் ஒட்டிக்கொள்ளும். அதன் கற்பனை உலகப் பதிப்பு அடுத்த வருடமே வந்தது. ஆனால் நமக்கு வரலாற்றுப் பதிப்புதான் ஏற்றது என்பது என் கருத்து. மந்திரம் இல்லாத விதியில் ஒரே ஒரு மந்திரத்தை ஒட்டுவது சுலபம். மந்திரம் நிறைந்த விதியிலிருந்து அதைப் பிடுங்கினால் புள்ளிக் கணக்கே குலைந்துவிடும்.

படைகளுக்கு வருகிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அக்விலோனியா என்றால் மூன்று தூண்கள்: பொசோனிய வில்லாளர், கண்டர்லாந்தின் நெட்டீட்டிக்காரர், பொய்டெய்ன் குதிரைவீரர். பொசோனியர் அப்படியே ஆங்கில நெடுவில் ஆட்கள். நூறாண்டுப் போர்க் கால பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கினால் போதும். பொய்டெய்னுக்கு எந்தக் கவசக் குதிரைவீரரும் சரி. நெட்டீட்டிக்காரர்தான் கொஞ்சம் தொந்தரவு. நூலின் ஈட்டி ஆட்களை எடுத்துக்கொண்டு, 'அணிவகுப்பில் நின்றால் குதிரைப்படை முகத்துக்கு நேரே மோத முடியாது' என்று ஒரு வரி மட்டும் சேர்த்தால் வேலை முடியும். துரானுக்கு கிழக்கத்திய குதிரை வில்லாளர். பிக்ட்டுகளுக்கு வெறும் உடம்போடு வரும் பண்டைய காட்டுக்குடிப் பொம்மைகள், காட்டுக்குள் வேகம் குறையாத சிறப்போடு.

வில் அம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 28 மி.மீ. பொம்மையை அறுபதில் ஒரு பங்கு என்று வைத்தால், 200 மீட்டர் பாயும் அம்பு மேசையில் மூன்று மீட்டருக்கு மேல் போக வேண்டும். எந்த விதிநூலும் அதைச் சுருக்கி 18, 24 அங்குலம் என்று வைக்கிறது. அப்படிச் சுருக்கியும்கூட நான்கடி மேசை வெறுமையாக இருந்தால் பொசோனியரே ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். இடிபாடு, மரம், பாறை என்று மேசையில் மூன்றில் ஒரு பங்காவது பார்வையை மறைக்க வேண்டும். காமிக்ஸிலும் வெட்டவெளியில் நடப்பது குறைவுதானே, எப்போதும் ஏதாவது ஒரு சிதிலம் பின்னால் நிற்கும்.

மைத்தூரிகை:

பூச்சு வேலையைப் பற்றி யாரும் பேசாததால் நான் தொடங்குகிறேன். நீங்கள் எல்லோரும் கறுப்பு வெள்ளை இதழைச் சொல்கிறீர்கள். அப்படியானால் பொம்மைகளையும் கறுப்பு வெள்ளையிலேயே பூசலாமே.

முதலில் முழுக்கக் கறுப்பு அடிப்பூச்சு. காய்ந்ததும் மேலிருந்து மட்டும் வெள்ளைத் தெளிப்பு, தோளிலும் தலையிலும் வெளிச்சம் விழுந்த மாதிரி வரும். அப்புறம் நீர்த்த கறுப்பு மையைப் பள்ளங்களில் ஓடவிட்டு, விளிம்புகளை மட்டும் மெல்லிய தூரிகையால் வெள்ளையில் இழுக்க வேண்டும். ஜான் புசெமாவின் பென்சிலுக்கு மேல் மை போட்ட பக்கங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். தசை எங்கே முழு இருட்டில் மறைகிறது என்பதை அவர் வரைந்து காட்டியிருப்பார். முதுகில் பாதியை அப்படியே கறுப்பாக விட்டுவிட வேண்டும், சாம்பல் நிறத்தால் சமரசம் செய்யக்கூடாது. வழக்கமாக நாம் வண்ணத்தில் பூசும்போது அந்தத் துணிச்சல் வருவதில்லை.

ஒரே ஒரு இடத்தில் நிறம் வரட்டும். மந்திரவாதியின் சடங்கு. அவன் பாத்திரத்திலிருந்து எழும் புகை, பீடத்தின் கல், அச்ச வில்லைகள், இவை மட்டும் பச்சை. ஒவ்வொரு சுற்றும் ஒரு பச்சை வில்லை கூடும்போது, சாம்பல் மேசையில் அது எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள்.

கொம்புவில்:

அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இரு பக்கமும் சாம்பல் என்றால் கைகலப்பில் யார் யாருடைய ஆள் என்று தெரியாது. எட்டடி தள்ளி நின்று பார்க்கும்போது கேடயமும் தெரியாது.

மைத்தூரிகை:

அடித்தட்டின் விளிம்பை ஒரு பக்கத்துக்கு வெள்ளை, மறுபக்கத்துக்குக் கறுப்பு என்று வைத்தால் போதும். அப்புறம் ஆயுத வகையும் உதவும்: நெட்டீட்டிக் கூட்டம் தூரத்திலிருந்தே நெட்டீட்டிக் கூட்டமாகத் தெரியும். நிழலுருவம் வேறுபடும் படைகளை எதிரெதிரே வைத்தால் நிறத்துக்குத் தேவையே இராது. அக்விலோனியாவும் நெமீடியாவும் மோதினால் கஷ்டம்தான். அக்விலோனியாவும் பிக்ட்டும் என்றால் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லும்.

மழைக்காடு:

நாயகனைப் பற்றியும் பேச வேண்டும். காமிக்ஸில் அவன் ஒரு பக்கத்தில் பத்துப் பேரை வெட்டுகிறான், அடுத்த பக்கத்தில் பின்தலையில் ஓர் அடி வாங்கி நிலவறையில் விழிக்கிறான். இந்த இரண்டும் ஒரே விதியில் வர வேண்டும்.

வெட்டுவதற்கு 2001இல் வந்த மத்திய பூமி ('லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்') மினியேச்சர் விளையாட்டின் வழி நல்லது. நாயகனுக்குச் சில வலிமைப் புள்ளிகள் இருக்கும், தேவைப்படும்போது பகடை எண்ணைத் தூக்கிக்கொள்ளலாம். ஆனால் செலவழித்தது திரும்பி வராது. மூன்று புள்ளி கொடுங்கள். முதல் சண்டையிலேயே வீரத்தைக் காட்டிவிட்டால், கோபுரப் படியில் மந்திரவாதியின் எதிரே நிற்கும்போது அவன் வெறும் மனிதன். மாயம் குறைந்த உலகத்துக்கு இந்தக் களைப்புதான் முக்கியம்.

விழுவதற்கு 1999இல் வந்த மோர்ட்ஹைம் என்ற மினியேச்சர் விளையாட்டின் வழி. அதன் காயப் பட்டியலில் சாவு மட்டுமா இருக்கிறது? பிடிபடலாம், கொள்ளையடிக்கப்படலாம், சண்டைக்குழியில் விற்கப்படலாம். நம் நாயகனுக்கும் அதுபோல ஒரு சிறு பட்டியல் எழுதுங்கள். அவன் விழுந்தால் சாகமாட்டான், ஆனால் அடுத்த ஆட்டம் அவனை மீட்கும் ஆட்டமாகிவிடும். தோற்றவர்தான் அடுத்த மோதலின் களத்தைத் தேர்ந்தெடுப்பார் என்று வைத்தால் தோல்வியும் சுவைக்கும்.

கோட்டைவாசல்:

மூன்று புள்ளி என்பது குறைவாகத் தெரிகிறது. ஐந்து?

மழைக்காடு:

வேண்டாம். ஐந்து கொடுத்தால் சேர்த்து வைக்கத் தோன்றாது, கணக்குப் பார்க்காமல் செலவழிப்பார்கள். மூன்றில்தான் ஒவ்வொன்றும் வலிக்கும்.

ஏழாம்சுற்று:

நேற்று இதை ஆடிப் பார்த்தோம். இடிந்த கோயில், நடுவில் பீடம், அதில் ஸ்டைஜிய மந்திரவாதி. காவலர்களை அவனிடமிருந்து பத்து அங்குலம் தள்ளி வைத்தார் நண்பர், நான்காவது வில்லையில் அச்ச வட்டம் அவர்களைத் தொட்டுவிட்டது. என் பக்கம் பொசோனியர் ஒரு குழு, நாடோடிக் கூலிப்படை ஒரு குழு, நாயகன்.

ஆறாவது சுற்றில் என் கூலிப்படை வட்டத்தின் விளிம்பில் உறுதிச் சோதனையில் தோற்றுப் பின்வாங்கியது. அதேசமயம் பொசோனியரின் அம்பில் இரண்டு காவலர் விழ, அந்தக் குழுவும் ஒன்று குறைத்து உருட்டித் தடுமாறி வலப்பக்கம் ஒதுங்கியது. திடீரென்று பீடத்துக்கும் நாயகனுக்கும் நடுவில் யாரும் இல்லை. நண்பருக்கு அப்போது ஐந்து வில்லை. உருட்டுவதா, இன்னொரு சுற்று காப்பதா என்று அவர் வெகுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உருட்டினார், ஆறு விழுந்தது, தேவைப்பட்டது ஏழு. வில்லைகள் எல்லாம் போயின, அச்ச வட்டமும் மறைந்தது. அடுத்த சுற்றில் என் நாயகன் கடைசி வலிமைப் புள்ளியைச் செலவழித்து அவனை முடித்தான்.

ஒரு மந்திரம்கூடப் பலிக்காத போர் அது. ஆனால் இருவருமே ஆட்டம் முழுக்க மந்திரத்தைப் பற்றித்தான் யோசித்தோம்.

பழையபகடை:

இதுதான் வேண்டும். இந்த விதியில் இனி எதையும் அதிகம் சேர்க்காதீர்கள்.

கொம்புவில்:

பூதங்கள், மிருகங்கள்? பெரும் பாம்பு இல்லாமல் இந்த உலகம் முழுமையாகாது.

பழையபகடை:

ஒரு போருக்கு ஒன்றே ஒன்று, அதுவும் யாருக்கும் சொந்தமில்லாததாக. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மிக அருகில் இருப்பவரை நோக்கி நகரட்டும், யார் பக்கம் என்று பார்க்காமல் தாக்கட்டும். புள்ளி கொடுத்து வாங்கும் படையாக ஆக்கினால் அதுவும் ஒரு யானைப்படை ஆகிவிடும்.

மைத்தூரிகை:

இன்னொரு விஷயம், சுருக்கமாக. வீட்டில் நண்பர்களோடு ஆட இந்தப் பெயர்களை எல்லாம் வைத்துக்கொள்ளலாம். விதியைத் தொகுத்து வெளியே கொடுப்பதாக இருந்தால் காமிக்ஸின் படங்களை ஒட்டாதீர்கள், பாத்திரப் பெயர்களையும் எடுத்துவிட்டு உங்கள் சொந்தப் பெயர்களைப் போடுங்கள். அச்ச வட்டமும் வில்லையும் நம் எல்லோருடையதும்.

கோட்டைவாசல்:

எல்லோருக்கும் நன்றி. அடிப்படைக்கு வரலாற்றுப் பதிப்பு, நாயகனுக்கு மூன்று புள்ளி, சொந்தப் படைக்கும் அச்சம் என்று எழுதி வைத்துவிட்டேன். பூச்சு கறுப்பு வெள்ளைதான், அந்தப் பச்சை யோசனையை விட மனம் வரவில்லை. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம்: சடங்கின் நடுவில் மந்திரவாதி ஓட வேண்டி வந்தால் வில்லைகள் என்ன ஆகும்? ஏழாம்சுற்றின் ஆட்டத்தில் அந்த நிலை வரவில்லை.

ஏழாம்சுற்று:

பாதி போகட்டும், ஒற்றைப்படையாக இருந்தால் குறைவான பாதி மிஞ்சட்டும். ஐந்தில் ஓடினால் இரண்டு. எல்லாம் போகும் என்று வைத்தால் யாரும் ஓடவே மாட்டார்கள், நின்று சாவார்கள். ஆனால் இந்தக் கதைகளின் மந்திரவாதிகள் ஓடுகிறவர்கள்தான், அடுத்த இதழில் திரும்பி வருகிறவர்கள். அதற்கும் மேலாக, அவன் மேசையின் ஓரத்தைத் தாண்டித் தப்பிவிட்டால் மிஞ்சிய அந்த இரண்டு வில்லைகளோடு அடுத்த போரைத் தொடங்கட்டும்.